கைப்பிடிச்சுவர்

விடுதியின் வரவேற்பு மேஜைமேல் ஒரு தாள் கிடந்தது. அருவிகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே நடக்க வேண்டிய தூரம், ஏற வேண்டிய உயரம், குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா கூடாதா என்ற குறிப்பு. குடும்பத்துக்கு உகந்தவை என்று கருதியவற்றின் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் - ஒரு பெரியவர், ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு. என் பேத்திக்கு ஏழு வயது. எனக்கு முழங்கால் சரியில்லை. ஆக, தாளை அச்சிட்டவர்கள் எங்கள் இருவரையும் மனதில் வைத்துத்தான் அச்சிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. இருந்தும் 'குடும்பத்துக்கு உகந்தது' என்ற அந்தச் சொல் மூன்று நாட்களும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. யாருடைய குடும்பத்துக்கு என்று கேட்கத் தோன்றியது பிற்பாடுதான். முதலில் உறுத்தியதற்குக் காரணம் வேறு, கொஞ்சம் அற்பமானது.

இடம் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதி. நியூயார்க் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் நகரத்திலிருந்து நான்கைந்து மணி நேரக் கார்ப் பயணம். வடக்கு தெற்காக ஒடுங்கி நீண்ட 11 ஏரிகள். வரைபடத்தில் பார்த்தால் யாரோ கையை ஊன்றி எடுத்த தடம்போல இருப்பதால் விரல் ஏரிகள் என்று பெயர். (கைக்குப் பதினோரு விரலா என்று பேத்தி கேட்டாள்.) பனியூழியின் பனிப்பாளங்கள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் குடைந்து ஆழமாக்கின. பக்கங்களிலிருந்து வந்து சேரும் சிற்றோடைகளின் பள்ளங்களை அவ்வளவு குடையவில்லை. பனி பின்வாங்கியபோது ஓடைகள் உயரத்தில் நின்றுபோயின. ஏரியை அடைய வேண்டுமென்றால் அவை விழுந்தாக வேண்டும். செனகா ஏரியின் ஆழம் 618 அடி. அதன் தரை கடல் மட்டத்துக்கும் கீழே. இவ்வளவு ஆழமான நீர் கோடையின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. அதனால் கரைச் சரிவுகளில் உறைபனி தாமதிக்கிறது, திராட்சை பிழைத்துக்கொள்கிறது. அருவி, ஏரி, ஒயின் மூன்றும் ஒரே பனியின் காரியம்.

முதல் நாள் டகானக். ஓடையை ஒட்டி முக்கால் மைல், கிட்டத்தட்ட சமதளம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். இருபுறமும் பாறைச் சுவர்கள் 400 அடி வரை எழும்புகின்றன. பாதை முடிகிற இடத்தில் அருவி, 215 அடி, ஒரே வீழ்ச்சி. நயாகராவைவிட 33 அடி அதிகம் என்று பார்க்கிறவர்களெல்லாம் நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு ஏமாற்றம். அருவியில் குறையில்லை. வந்து சேர்ந்த விதத்தில்தான் குறை. வேர்க்காமல், வழி தவறாமல், ஒரு முறைகூடப் பயப்படாமல் அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்பட்டேன். உழைக்காமல் கிடைத்த தரிசனத்துக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போன ஒன்று. இலக்கிய விவகாரத்திலும் நாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் - எளிதில் கிடைப்பது மலினம், ஜனரஞ்சகம், வாரப்பத்திரிகைச் சரக்கு. சமதளப் பாதை போட்ட அருவி எனக்கு அன்று ஒரு வாரப்பத்திரிகை அருவியாகத் தோன்றியது. பேத்தியோ வாயைத் திறந்தபடி நின்றாள். சாரல் முகத்தில் பட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு நேர்ந்தது எனக்கு ஏன் நேரவில்லை என்று கேட்டுக்கொள்ள அப்போது எனக்குப் புத்தி வரவில்லை.

மறுநாள் வாட்கின்ஸ் கிளென். இது வேறு மாதிரி. செனகா ஏரியின் தெற்கு முனையில் ஊர். கடைத்தெருவிலிருந்தே மலையிடுக்குக்குள் நுழைந்துவிடலாம். 19 அருவிகள், 800க்கு மேல் கற்படிகள். பாறையைக் குடைந்த சுரங்க வழி ஒன்றில் நுழைந்து, ஓர் அருவியின் பின்பக்கமாகவே நடந்து, மறுபுறம் வெளியே வருகிறோம். படிகள் எப்போதும் ஈரம். பாதையின் விளிம்பு நெடுக ஒரு கைப்பிடிச்சுவர், இடுக்கின் பாறைபோலவே அடுக்கடுக்கான கல்லால் கட்டியது. யாரோ கட்டியது என்பதே சிறிது நேரம் தெரியவில்லை. பாறை தானாக வளர்ந்து நமக்கு இடுப்பளவில் நின்றுகொண்டது போலிருந்தது. பேத்திக்கு அது மார்பளவு. ஒவ்வொரு திருப்பத்திலும் அதில் இரண்டு கைகளையும் ஊன்றி எட்டிக் கீழே பார்த்தாள். என் மகள் ஒவ்வொரு முறையும் அவள் சட்டையைப் பின்னால் பற்றிக்கொண்டாள்.

அந்தச் சுவருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1863இல் இந்த இடுக்கை ஒரு தனியார் காட்சியாகத் திறந்தார்கள். 1906இல் மாநிலம் வாங்கியது. 1935 ஜூலையில் வந்த வெள்ளம் பாலங்களையும் படிகளையும் அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டியவர்கள் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு ஏற்படுத்திய ஒரு படையின் பையன்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அந்தச் சுவரின் ஒவ்வொரு கல்லிலும், எங்கோ வாடகை கொடுக்க முடியாமலிருந்த ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும் இருக்கிறது - அவர்கள் ஊரில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் என்று சொல்ல வேண்டும். இன்னொன்று: இந்தப் பாறை ஷேல் வகை, உதிர்ந்துகொண்டேயிருப்பது. வருஷா வருஷம் குளிர்காலம் முடிந்ததும், பாதையைத் திறப்பதற்கு முன்பு, ஆட்கள் கயிற்றில் தொங்கி, தளர்ந்துபோன கற்களைத் தட்டித் தள்ளுகிறார்கள். நான் 'எளிது' என்று இளக்காரமாக நினைத்ததற்குப் பின்னால் இத்தனை கைகள். எளிமை என்பது கஷ்டம் இல்லாமல் போனதல்ல. கஷ்டத்தை வேறொருவர் முன்கூட்டியே பட்டுவிட்டார் என்பதுதான்.

என் முதல் உறுத்தல் இங்கே தீர்ந்தது. கான்ட் இதை 1790லேயே சொல்லியிருக்கிறார். தொங்கும் பாறை, இடிமேகம், எரிமலை, பெரிய ஆற்றின் உயர்ந்த அருவி - இவையெல்லாம் எவ்வளவுக்குப் பயங்கரமோ அவ்வளவுக்கு நம்மை இழுக்கும், ஆனால் நாம் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார். சொந்த ஊர்ப்பக்கத்தை விட்டு அதிகம் நகராத மனிதர், அருவியைப் பற்றி அவர் எப்படிச் சொல்லலாம் என்று கேலி செய்யலாம். ஆனால் நிபந்தனை சரியானது. வழுக்கிக்கொண்டிருப்பவனுக்கு அருவி தெரியாது, வழுக்கல்தான் தெரியும். பேத்தி தைரியமாகக் கீழே பார்த்தது சுவர் இருந்ததால். சுவர் ஆழத்தை மறைக்கவில்லை, அவளிடம் கொண்டுவந்து காட்டியது.

அன்று மத்தியானம் மூன்று மைல் தெற்கே மான்டூர் ஃபால்ஸ் என்ற ஊருக்குப் போனோம். அங்கே நடக்கவே வேண்டாம். ஒரு தெருவின் கோடியில், வீடுகளுக்கு நடுவே, 150 அடிக்கு மேல் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. ஷெக்வாகா என்று பெயர். சுற்றுவட்டாரத்தில் பெயர்ப்பலகைகள் பலவற்றில் கேதரின் என்ற பெயர் வருகிறது. பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, கேதரின் யாரு?" என்றாள்.

"ஒரு ராணி. இந்த ஊர் அவங்களோடது."

"இப்ப எங்க இருக்காங்க?"

"வேற ஊருக்குப் போயிட்டாங்க."

சொன்னது பொய்யில்லை. கேதரின் மான்டூர் வேறு ஊருக்குத்தான் போனார். ஏன் என்பதை நான் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை. இரவு, குழந்தை தூங்கியபின், மகள் சொன்னாள்: "நல்ல வேளைப்பா, நீங்க ஆரம்பிக்கலை."

ஆரம்பித்திருந்தால் சொல்லியிருக்க வேண்டியது இது. இந்த ஏரிக்கரைகள் ஹோடெனோஷோனி கூட்டமைப்பைச் சேர்ந்த செனகா, கயூகா மக்களின் ஊர்கள். அமெரிக்க சுதந்திரப் போரில் அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்து எல்லைப்புறக் குடியிருப்புகளைத் தாக்கினார்கள். 1778இல் செர்ரி வேலியில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அதை விட்டுவிட்டுச் சொல்வதும் நேர்மையில்லை. மறு வருஷம் வாஷிங்டன் ஜெனரல் சல்லிவனை அனுப்பினார். ஊர்களைக் கைப்பற்றுவது போதாது, அழித்துவிட வேண்டும் என்பது எழுத்துமூலமான உத்தரவு. 1779 ஆகஸ்டும் செப்டம்பரும் அது நடந்தது. 40 ஊர்கள், 1,60,000 புஷல் மக்காச்சோளம் என்பது சல்லிவன் தாமே கொடுத்த கணக்கு. ஏரிக்கரைத் தோட்டங்களில் ஆப்பிளும் பீச்சும் காய்த்து நின்றன. கயூகா ஏரியின் கிழக்குக் கரையில், இன்று ஆரோரா இருக்குமிடத்தில், ஒரே ஊரில் 1,500 பீச் மரங்களை வெட்டினார்கள் என்று வெட்டியவர்களின் நாட்குறிப்புகளே சொல்கின்றன. தப்பித்தவர்கள் நயாகரா ஆற்றின் வாய்க்கருகே இருந்த பிரிட்டிஷ் கோட்டையைச் சுற்றிக் கூடினார்கள். கடுமையான குளிர்காலம் அது. பசியிலும் குளிரிலும் எத்தனையோ பேர் செத்தார்கள்.

போருக்குப் பிறகு இந்த நிலத்தின் பெரும்பகுதி சிப்பாய்களுக்கு மானியமாகப் போயிற்று. அளந்து கூறுபோட்ட நிலப்பகுதிகளுக்குக் கிரேக்க, ரோமானியப் பெயர்களை வைத்தார்கள் - ஓவிட், ஹெக்டர், யுலிஸஸ். முதல் நாள் நான் ஏமாந்து நின்ற அருவி யுலிஸஸில் இருக்கிறது. ஏரியின் தெற்குக் கோடியிலுள்ள நகரத்துக்கு இதாகா என்றே பெயர். இருபது வருஷம் அலைந்தவன் வீடு திரும்பிய ஊரின் பெயரை, வீடு திரும்ப முடியாதவர்களின் நிலத்துக்கு வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களுக்கு இது உறைத்திருக்காது. படித்தவர்களின் சுரணையின்மைக்குத் தனி ருசி உண்டு.

ஒயினுக்கும் இதில் பங்கிருக்கிறது. குளிர் தாங்காது என்று ஐரோப்பிய ஒயின் திராட்சையை இங்கே யாரும் நம்பவில்லை. 1951இல் உக்ரைனிலிருந்து அகதியாக வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க், தகுந்த வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால் வரும் என்று பிடிவாதம் பிடித்து, 1962இல் கியூகா ஏரிக்கரையில் தம் ஒயின் சாலையைத் தொடங்கினார். அவர் சொன்னது சரியாயிற்று. இன்று அந்தப் பகுதியின் ரீஸ்லிங் ஒயினுக்கு உலகத்தில் பெயர் இருக்கிறது. நல்ல கதை. ஆனால் இந்தச் சரிவுகள் மென்மையான கனிமரங்களைக் காப்பாற்றும் என்பதற்கு அந்த 1,500 பீச் மரங்கள் முன்பே சாட்சி சொல்லியிருந்தன. அந்தச் சாட்சியைத்தான் கோடாலியால் வெட்டினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ருசி பார்க்கும் கூடத்தில் என் மகள் ஒரு கிளாஸ் வாங்கினாள்; பேத்திக்குத் திராட்சைச் சாறு. இரண்டுமே நன்றாக இருந்தன. நான் குடிக்கவில்லை என்று சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்க விரும்பவில்லை. குடித்தேன்.

மகளிடம் இதையெல்லாம் அன்றிரவு சொன்னேன். அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. அவள் சொன்ன பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "இவ ஸ்கூல்ல துப்பாக்கிக்காரன் வந்தா விளக்கை அணைச்சிட்டு எப்படிச் சத்தமில்லாம மூலையில உட்காரணும்னு பழக்கறாங்க. ஏழு வயசுல. அருவியையாவது அருவியா விடுங்கப்பா."

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது எனக்குக் கொள்கை. அவளுக்கு அது குழந்தையின் ஓர் இரவுத் தூக்கம். உண்மை பேசும் ஆவேசத்தில், கேட்கிறவர் யார் என்பதையே மறந்துவிடுகிற மனிதர்களை நான் அறிவேன். நம் விமர்சனக்காரர்களிடையே அவர்கள் அதிகம். நானும் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன். அது பெரும்பாலும் நம்மைப் பற்றிய விஷயம்தான், உண்மையைப் பற்றியதல்ல.

ஆனால் அவள் பேச்சை ஒப்புக்கொண்டால் எங்கே போய் நிற்போம் என்பதும் எனக்குத் தெரிந்தது. கயூகா மக்கள் தங்கள் நிலத்துக்காக 1980இல் தொடுத்த வழக்கில், 2001இல் ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிலம் போனவிதம் சரி என்று அது சொல்லவில்லை. ரொம்ப நாளாகிவிட்டது, இப்போது கோரிக்கையை ஏற்றால் இன்று அங்கே இருப்பவர்களின் வாழ்வு குலையும் என்பதுதான் சாரம். தூங்குகிற குழந்தையை எழுப்பாதே என்பதன் சட்ட வடிவம் இது. நான் மான்டூர் ஃபால்ஸில் சொன்ன ஒற்றை வரிக்கும் இந்தத் தீர்ப்புக்கும் என்ன வித்தியாசம்? அளவில்தான். ராணி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

1790இல் கார்ன்பிளாண்டர் என்ற செனகாத் தலைவர் பிலடெல்பியாவில் வாஷிங்டனை முகத்துக்கு நேராகப் பார்த்துச் சொன்னது நினைவுக்கு வருகிறது. உங்களை நாங்கள் ஊரழிப்பவர் என்று அழைக்கிறோம். இன்றும் அந்தப் பெயர் காதில் விழுந்தால் எங்கள் பெண்கள் முகம் வெளிறித் திரும்பிப் பார்க்கிறார்கள், குழந்தைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று. ஆக, இந்த விஷயத்தில் குழந்தைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தெரிந்துகொள்ளலாமா வேண்டாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. விடுதித் தாளிலிருந்த அந்தச் சின்னப் படத்தை - பெரியவர், குழந்தை, பிடித்த கை - மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். வழித்துணைக்குப் போகிறவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். தப்பியோடுகிறவர்களும் அப்படித்தான் இருப்பார்கள்.

விடியும்போது ஒன்று மட்டும் கொஞ்சம் தெளிந்தது. சுவர் இரண்டு வகை. பார்க்கவிடாமல் மறைக்கும் ஆளுயரச் சுவர் ஒன்று. அதுவும் பத்திரமானதுதான், விழ மாட்டோம். மார்பளவு நின்று, ஊன்றிக்கொண்டு பார்க்க வைப்பது இன்னொன்று. நான் குழந்தைக்குச் சொன்னது முதல் வகை. கான்ட் சொன்ன பாதுகாப்பு இரண்டாவது. ஏழு வயதுக்கு அந்தச் சுவரை எவ்வளவு உயரத்தில் கட்டுவது? படை கட்டிய பையன்களுக்கு யாராவது அளவு சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை.

மூன்றாம் நாள் பட்டர்மில்க் ஃபால்ஸ், இதாகாவுக்குச் சற்றுத் தெற்கே. காரை நிறுத்தும் இடத்திலிருந்தே தெரியும் அருவி. மோர் ஊற்றிய மாதிரிப் பாறைமேல் நுரைத்து வழிகிறது. பக்கவாட்டில் படி ஏறுகிறது. இங்கே அருகில் கோரியோர்கோனல் என்ற ஊர் இருந்தது. அதில் வாழ்ந்த டுட்டெலோ மக்கள் வர்ஜீனியாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். 1753இல் கயூகா மக்கள் அவர்களை முறைப்படி தத்தெடுத்துத் தங்கள் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இருபத்தைந்து வீடுகள். 1779 செப்டம்பரில் எரிந்தன.

மகளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்து பேத்தியிடம் சொன்னேன்: நேற்றுக் கேட்டாயே அந்த ராணி, அவர் தானாகப் போகவில்லை. ஒரு பட்டாளம் வந்தது. எல்லோரும் காட்டுக்குள் ஓடினார்கள். பட்டாளம் வீடுகளை எரித்தது, சோளத்தை எரித்தது. நடக்க முடியாத ஒரு பாட்டி மட்டும் ஊரில் தங்கிவிட்டார். சிப்பாய்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்சம் இறைச்சியும் பிஸ்கோத்தும் விறகும் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களே அப்போது அரை வயிறுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோதும் பாட்டி அங்கேயே இருந்தார்.

இவ்வளவும் அந்தச் சிப்பாய்களின் நாட்குறிப்புகளில் இருக்கிறது. அதே நாட்குறிப்புகளில் இன்னொன்றும் இருக்கிறது. திரும்பி வந்தபோது பாட்டிக்குச் சற்றுத் தள்ளி, சேற்றுக் குழியில், சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு இளம்பெண்ணையும் பார்த்தார்கள். அதைச் சொல்லவில்லை. அங்கே நிறுத்தினேன். நிறுத்திய இடம் சரிதானா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

பேத்தி சிறிது நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாளோ என்று பயந்தேன். அழவில்லை.

"ஏன் தாத்தா சோளத்தையெல்லாம் எரிச்சிட்டு, பாட்டிக்கு மட்டும் சாப்பாடு வச்சாங்க?"

இருநூறு வருஷமாக இதைப் பற்றி எழுதியவர்களில் சிலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடும். நான் படித்தவரையில், பாட்டிக்கு வைத்த பிஸ்கோத்தைப் படையின் மனிதத்தன்மைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறார்கள்.

"தெரியலம்மா" என்றேன்.

"யாரு அவங்களுக்குச் சமைச்சுக் கொடுத்தாங்க?"

அதுவும் தெரியவில்லை. மகள் எழுந்து நின்று, மேலே இன்னும் எவ்வளவு படி இருக்கிறது என்று பார்த்தாள். பேத்தி என் முழங்காலைப் பார்த்தாள். இனி மேலே ஏற வேண்டாம், இறங்கிவிடலாம் என்று அவளே சொன்னாள். சுவர்ப்பக்கம் என்னை விட்டு, அவள் உள்பக்கமாக, கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.